என்சைம் பொடி வாங்குவதற்கு முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் தையல் கடை நடத்தும் 51 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஏழு மாதமாக அவருக்கு வயிறு உப்புசம். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் வயிறு கடமுடா என்று உருட்ட ஆரம்பிக்கிறது. பாவாடை நாடாவைத் தளர்த்தாமல் மிஷினில் உட்கார முடிவதில்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் முன்னால் காற்று பிரிந்துவிடுமோ என்று கூச்சம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை ஐந்து மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு செரிமான என்சைம்களான டயாஸ்டேஸும் பெப்சினும் கலந்த டானிக் இரண்டு ஸ்பூன். முழு உடல் பரிசோதனையில், மாவுச்சத்தை உடைக்கும் என்சைமான அமைலேஸ் ரத்தத்தில் 34 என்று வந்திருக்கிறது. லேப் கொடுத்த அளவு 28 முதல் 100 வரை. ‘அடிமட்டத்தில் இருக்கிறதே, என் கணையம் என்சைம் சுரப்பதில்லையா?’ என்பது அவருடைய முதல் கேள்வி.

இதற்குள் நாத்தனார் ஒரு வாட்ஸ்ஆப் குழு வழியாக என்சைம் பொடி விற்கத் தொடங்கியிருக்கிறார். டப்பா 1,800 ரூபாய், மாதம் ஒன்று. “கணையம் கெட்டதால்தான் அண்ணிக்கு சர்க்கரையே வந்தது. இதைக் குடித்தால் மூன்று மாதத்தில் சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிடலாம்” என்று அவர் சொல்ல, வாங்காவிட்டால் மனக்கசப்பு, வாங்கினால் பயம். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் என்சைம் நீர்த்துப்போகுமா, சாப்பிட்ட பின் பழம் தின்றால் வயிற்றுக்குள் அழுகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசி வரியில், போகிற போக்கில், இப்படி ஒரு தகவல்: ‘சர்க்கரைக்கு முதலில் மெட்ஃபார்மின் மட்டும் இருந்தது. ஏழெட்டு மாதம் முன்பு அதோடு வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரையாக மாற்றினார்கள். அப்போதிலிருந்து இரவில் சோற்றை விட்டுச் சுண்டல், காலையில் முளைகட்டிய பயறு, ஒரு டம்ளர் பால் என்று ஒழுங்காக இருக்கிறேன்.’

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாக எழுதிய அந்த வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. உங்கள் தொல்லைக்குப் பெரும்பாலான விடை அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது; வயிற்றைத் தொட்டுப் பார்க்காத மருத்துவர் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமைலேஸ் 34

முதலில் இந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். 28 முதல் 100 வரை சரியான அளவு என்றால் 34 சரியான அளவுதான். கணையம் குடலுக்குள் எவ்வளவு என்சைம் ஊற்றுகிறது என்பதை இந்த ரத்தப் பரிசோதனை அளப்பதும் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் கணையத்திலிருந்தும் ரத்தத்தில் கசியும் கொஞ்சம் அமைலேஸைத்தான் அது காட்டுகிறது. திடீர்க் கணைய அழற்சி வந்தால் அந்தக் கசிவு மூன்று மடங்குக்கு மேல் ஏறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனையைச் செய்கிறோம். ‘முழு உடல் பேக்கேஜ்’ என்ற பெயரில் எல்லோருக்கும் இதை எடுத்து, விளக்கம் சொல்ல ஆளில்லாமல் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை.

கணையத்தின் செரிமானத் திறன் குறைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மலத்தில் எலாஸ்டேஸ் என்ற என்சைமைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் யோசிப்போம். அதற்கும் முன்பே உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். மலம் எண்ணெய்ப் பிசுக்காக, வெளிறி, கடும் நாற்றத்துடன், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். மலம் அப்படிப் போவதாக உங்கள் கடிதத்தில் இல்லை. குறைந்த மூன்று கிலோவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கணையத்துக்குக் கையிருப்பு மிக அதிகம். கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போகத் தொடங்கும்.

நாத்தனார் சொன்ன ‘கணையம் கெட்டதால்தான் சர்க்கரை’ என்பதில் பாதி உண்மை மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்சுலினும் செரிமான என்சைமும் ஒரே உறுப்பிலிருந்து வந்தாலும் அவற்றைச் சுரக்கும் செல்கள் வேறு. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மீதியில் பெரும்பகுதி என்சைம் சுரக்கும் வேலையில் இருக்கிறது. கணையத்தில் கல் விழுந்து இரண்டுமே கெடும் ஒரு வகை சர்க்கரை நோய் தென்னிந்தியாவில் உண்டு. நெடுநாள் குடியால் கணையம் சுருங்கியவர்களையும் எங்கள் புதுச்சேரிப் பக்கம் நிறையப் பார்க்கிறோம். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. நடுவயதில் சாதாரணமாக வருகிற சர்க்கரைதான்.

ஒரு கவளம் சோறு போகும் வழி

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் மற்றது தானாக விளங்கும்.

சோற்றை மெல்லும்போதே உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கிவிடும். வெறும் சோற்றை நிதானமாக மென்றால் ஒரு லேசான இனிப்புத் தட்டுமே, அது இந்த வேலைதான். இரைப்பைக்குப் போனதும் அமிலம் கலந்து அந்த அமைலேஸ் ஓய்ந்துவிடும். அங்கே பெப்சின் முறை. குழம்பிலிருக்கும் மத்தி மீனின் புரதத்தை அது துண்டு துண்டாக்கும். பெப்சினுக்கு நல்ல புளிப்பு வேண்டும். அமிலம் குறைந்தால் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

பிறகு சிறுகுடலின் தலைப்பு. பித்தப்பை சுருங்கிப் பித்தநீர் வரும். எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிக்கும். கணைய நீர் அமிலத்தைத் தணித்துவிட்டு அமைலேஸ், லைபேஸ், டிரிப்சின் எல்லாவற்றையும் இறக்கும். உங்கள் கடையில் துணி வெட்டும் கத்தரி வேறு, நூல் நறுக்கும் கத்தரி வேறு இல்லையா, அப்படித்தான் இவையும்: ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. டிரிப்சின் கணையத்திலிருந்து கிளம்பும்போது செயலற்ற வடிவில்தான் கிளம்புகிறது. குடலுக்கு வந்த பிறகே குடல் சுவரில் இருக்கும் இன்னொரு என்சைம் அதை எழுப்பிவிடும். முன்னாலேயே விழித்துக்கொண்டால் கணையம் தன்னையே செரித்துக்கொள்ளும்; கணைய அழற்சியில் நடப்பது அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் மாவுச்சத்து முழுதாகக் குளுக்கோஸ் ஆகியிருக்காது. இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்த சர்க்கரைத் துண்டுகள் மிச்சமிருக்கும். சிறுகுடலின் உள்சுவரிலேயே ஒட்டியிருக்கும் மால்டேஸ், சுக்ரேஸ் போன்றவைதான் கடைசி வெட்டை வெட்டுகின்றன. அந்த வெட்டு விழுந்தால்தான் ரத்தத்தில் ஏறும். விழாவிட்டால் அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாக்கும். சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து வரும் உருட்டலுக்கும் உப்புசத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. சாப்பிட்ட உடனே வரும் ஏப்பம் வேறு. அது பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்று.

மாத்திரை ஒரு பக்கம், டானிக் மறுபக்கம்

இப்போது உங்கள் மாத்திரை அட்டைக்கு வருகிறேன். வோக்லிபோஸ் என்ன செய்கிறது தெரியுமா? நான் சொன்ன அந்தக் கடைசி வெட்டைத் தாமதப்படுத்துகிறது. குடல் சுவரில் உள்ள மால்டேஸ், சுக்ரேஸைத் தடுத்து, சாப்பிட்டதும் சர்க்கரை சர்ரென்று ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. மருந்தின் நோக்கமே அதுதான், அதில் தவறில்லை. ஆனால் வெட்டுப்படாத மாவுச்சத்தில் ஒரு பங்கு பெருங்குடலுக்குப் போகும், காற்று உண்டாகும். இந்த வகை மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவே இதுதான். மெட்ஃபார்மினும் பலருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆக, உங்கள் என்சைம் வேலையை வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தி வைக்க ஒரு மாத்திரை. அதே சாப்பாட்டுக்குப் பிறகு மாவுச்சத்தை உடைக்கும் டயாஸ்டேஸ் இரண்டு ஸ்பூன். வோக்லிபோஸ் குடும்பத்தைச் சேர்ந்த அகார்போஸ் மாத்திரையோடு இப்படிப்பட்ட என்சைம் மருந்துகளைச் சேர்க்கக் கூடாது, மருந்தின் பலன் குறையலாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் பார்த்தால், காலையில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். மதியம், அமிலம் இருந்தால்தான் வேலை செய்யும் பெப்சின். காசு கொடுத்து வாங்கிய நான்கும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு இடத்தில் சர்க்கரைக்கு, இன்னொரு இடத்தில் வயிற்றுக்கு என்று வாங்கும்போது இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளே இல்லாமல் போய்விடுகிறது.

டானிக் குடித்ததும் இதமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். சோம்பு வாசனைக்கும் இனிப்புக்கும் அந்தச் சக்தி உண்டு. ஆனால் இப்படிப்பட்ட சிரப்களில் சர்க்கரையோ சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியோ இருப்பது வழக்கம். சர்க்கரை உங்களுக்கு ஆகாது. சார்பிட்டால் தானே காற்றை உண்டாக்கும். டானிக்கை இன்றே நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. கணையம் அதற்குப் பழகிச் சோம்பேறியாகியிருக்குமோ என்ற கவலையும் வேண்டாம்.

மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் எல்லா அட்டைகளையும் பையோடு எடுத்துப்போய், “வோக்லிபோஸ் சேர்ந்த பிறகுதான் இந்தத் தொல்லை. இரண்டு மூன்று வாரம் அது இல்லாமல் பார்க்கலாமா, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எவ்வளவு வருகிறது என்று எழுதி வரட்டுமா?” என்று கேளுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகையாக்கலாம். வழி இருக்கிறது. பான்டோபிரசோல் நெஞ்செரிச்சலுக்கான மருந்து. காற்றுக்கு அது மருந்தே இல்லை. ஐந்து மாதம் போட்டதைச் சட்டென்று விட்டால் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரந்து நெஞ்செரியும். ‘பார், மாத்திரை இல்லாமல் முடியவில்லை’ என்று மறுபடி தொடங்கிவிடுவீர்கள். அதனால் அவர் சொல்படி படிப்படியாக இறங்குங்கள்.

இன்னொன்று, மிஷின் பெடலில் கால் மரத்துப்போகிறது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையாலும் இருக்கலாம். மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் இரண்டுமே வைட்டமின் பி12-ஐக் குறைக்கக் கூடியவை. அது குறைந்தாலும் கால் மரக்கும். அதை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வோக்லிபோஸ் போடுகிற காலம் வரை வீட்டில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் அதை வாயில் போடுங்கள். நாம் வழக்கமாக வாயில் போடும் சீனியை உடைக்கும் சுக்ரேஸைத்தான் இந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. சீனி தாமதமாகத்தான் ஏறும். குளுக்கோஸுக்கு அந்தத் தடை இல்லை.

சுண்டல், பால், தண்ணீர், பழம்

மாத்திரை மாறிய அதே சமயத்தில் சாப்பாட்டையும் மாற்றிவிட்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கொண்டைக்கடலை, பயறு, மொச்சை, நம் பண்ருட்டிப் பலாக்கொட்டை எல்லாமே காற்றுக்குப் பேர் போனவை. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் யாருக்கும் கிடையாது. உங்களுக்குக் குறைவு, எனக்கு நிறைவு என்பதெல்லாம் இல்லை. கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு கொட்டிய தண்ணீரோடு போய்விடும். சத்து போகுமே என்று அதே தண்ணீரில் வேகவைப்பவர்கள் உண்டு. உங்கள் நிலையில் அது வேண்டாம். முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்னாமல் ஆவியில் வேகவைத்து, ஒரு கிண்ணத்துக்குப் பதில் ஒரு கைப்பிடி. காலையும் பயறு இரவும் சுண்டல் என்பதை ஒருவேளையாக்குங்கள். பெருங்காயமும் இஞ்சியும் தாராளமாகச் சேர்க்கலாம்.

பால் கதை வேறு. பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உலகில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துகொண்டே வரும். தென்னிந்தியர்களில் இது மிகச் சாதாரணம். இது நோயில்லை. டீயில் கலக்கும் பால் பலருக்கு ஒன்றும் செய்யாது. மொத்தமாக ஒரு டம்ளர் குடித்தால்தான் வம்பு. இரண்டு வாரம் காலைப் பாலை மட்டும் விட்டுப் பாருங்கள். பிறகு மறுபடி குடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் விடை கிடைத்தது. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உறைய வைக்கும் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது, தன் லாக்டேஸையும் கூடவே கொண்டுவருகிறது. சுண்டலையும் பாலையும் ஒரே வாரத்தில் நிறுத்தாதீர்கள். எது காரணம் என்று தெரியாமல் போகும்.

தண்ணீர் விஷயத்தில் கவலையே வேண்டாம். நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்த்துச் சிறுகுடல் ஒரு நாளில் கையாளும் திரவம் சுமார் 9 லிட்டர். அதில் நீங்கள் சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் எந்த மூலைக்கு? பழமும் வயிற்றில் அழுகாது. அவ்வளவு அமிலத்தில் அழுகல் நடக்க வழியில்லை. இரைப்பை எல்லாவற்றையும் கலந்துதான் அரைக்கிறது. சர்க்கரைக்காக அளவு பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

நாத்தனாரும் 1,800 ரூபாயும்

என்சைம் மருந்து எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கணையம் உண்மையிலேயே செயலிழந்தவர்களுக்குக் கணைய என்சைம் கேப்ஸ்யூல் உயிர் காக்கும் மருந்து. இரைப்பை அமிலத்தில் கெடாமல் இருக்க அதற்கு மேலுறை போட்டிருப்பார்கள்; சாப்பாட்டுக்கு நடுவே விழுங்க வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டேஸ் மாத்திரையும் பயன்படும். மேலுறை இல்லாத பொடியில் இருக்கும் என்சைமும் ஒரு புரதம்தான். அதில் பெரும்பகுதியை உங்கள் இரைப்பை மீன் துண்டைப் போலச் செரித்துவிடக்கூடும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஊட்டச்சத்துப் பொருள் என்ற உரிமத்தில் விற்பதாக இருந்தால் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நாத்தனார் இதெல்லாம் தெரிந்து செய்திருக்க மாட்டார். அவரும் யாரோ சொன்னதை நம்பித்தான் குழுவில் போடுகிறார். சட்டம் பேசி அவரோடு சண்டை போடாதீர்கள். “என் சர்க்கரை மாத்திரையோடு என்சைம் சேரக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்” என்று என் தலையில் பழியைப் போட்டுவிடுங்கள். பொய்யும் இல்லை. பொடியை நம்பி சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பொடியால் வரக்கூடிய பெரிய ஆபத்து அதுதான்.

தள்ளிப்போடக் கூடாதது

இத்தனை சொன்ன பிறகும் ஒரு விஷயம் பாக்கி. ஐம்பது தாண்டிய, மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்குப் புதிதாக வந்த உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தால், அதை ‘கேஸ்’ என்று மட்டும் எழுதி முடிக்க எனக்கு மனம் வராது. சினைப்பைக் கட்டி ஆரம்பத்தில் இப்படித்தான், உப்புசம், சீக்கிரம் வயிறு நிரம்புவது, அடிக்கடி சிறுநீர் என்று மெல்ல வரும். உங்களுக்கு அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. மாத்திரைக் கணக்கு இவ்வளவு பொருந்தும்போது அதற்கு வாய்ப்பு குறைவு. இருந்தாலும் வயிறும் இடுப்புப் பகுதியும் சேர்த்து ஒரு ஸ்கேனும், மருத்துவர் சொன்னால் சினைப்பைக் கட்டியை அறிய உதவும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட வேண்டும். எட்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்ததைச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவது, ரத்தம், விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபியோ கொலனோஸ்கோபியோ தேவைப்படலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பும் சில சமயம் மேல்வயிற்று உப்புசமாக வேடம் போட்டு வரும். நடக்கும்போது, மாடி ஏறும்போது நெஞ்சுக்குழியில் அழுத்தி வியர்த்தால், நின்றதும் குறைந்தாலும் குறையாவிட்டாலும் ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்கப் போங்கள்.

ஸ்கேனைக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து மேல்சிகிச்சை தேவை என்றால் ஜிப்மரில் இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது. முதுநகரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம். மேல்வயிற்று ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, இடுப்புப் பகுதிக்குச் சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். அன்று சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். இட்லியையும் மாத்திரையையும் பையில் வைத்துக்கொண்டு, ஸ்கேன் முடிந்ததும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.